சிட்டும் லாம்ப்ரேயும்: தொலைதூரச் சொந்தங்களை ஒப்பிடும் முறை, ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு கேள்வி. விலாங்கு மீன், லாம்ப்ரே, ஜீப்ரா ஃபின்ச் குருவி. இந்த மூன்றில் நெருங்கிய சொந்தக்காரர்கள் யார் யார்?

வகுப்பில் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் விலாங்கையும் லாம்ப்ரேயையும் சொல்வார்கள். இரண்டும் நீளமாக, வழுவழுவென்று, பாம்பு மாதிரி இருக்கும். ஆனால் விடை விலாங்கும் குருவியும்தான். விலாங்குக்குத் தாடை உண்டு, எலும்பு உண்டு. குருவிக்கும் உண்டு. லாம்ப்ரேக்கு இரண்டும் கிடையாது. தாடையுள்ள விலங்குகள் எல்லாம் ஒரு கிளையாகப் பிரிந்தபோதே லாம்ப்ரேயின் முன்னோர் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

விலங்கியல் தேர்வில் "ஒப்பிடுக" என்று வந்தால் நடுவில் ஒரு கோடு போட்டு, செவுள் – நுரையீரல், துடுப்பு – சிறகு என்று பத்து வரி எழுதிவிடுகிறோம். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. அந்தப் பத்து வரியை வைத்துக்கொண்டு மேலே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். பாடும் பறவை ஒன்றையும் தாடையற்ற மீன் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, உருப்படியாக எப்படி ஒப்பிடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கூட்டத்தை விட்டுவிட்டு, ஆளைப் பிடியுங்கள்

"பாடும் பறவைகள்" என்றால் சுமார் 5,000 இனங்கள். காகமும் அதில்தான் வருகிறது. "தாடையற்ற மீன்கள்" என்றால் இன்று உயிரோடு இருப்பவை லாம்ப்ரேக்களும் ஹேக் மீன்களும் மட்டும். கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிட்டால் "பெரும்பாலும்", "சில இனங்களில்" என்று எழுதியே பக்கம் நிறையும். ஆளுக்கு ஒன்றை எடுங்கள்.

நான் எடுத்தது ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபின்ச்சும், அட்லாண்டிக்கின் கடல் லாம்ப்ரேயும். ஆய்வகங்களில் அதிகம் படிக்கப்பட்டவை என்பதால் தகவலுக்குப் பஞ்சமில்லை. தவிர, ஃபின்ச்சை நேரில் பார்ப்பது சுலபம். செல்லப்பிராணிக் கடைகளில் கூண்டுக்குள் குட்டி ஊதல் மாதிரி "மீப் மீப்" என்று கத்திக்கொண்டிருக்குமே, அதுதான். நம் வயலோரம் திரியும் புள்ளிச் சில்லையும் இதே குடும்பம். (சில்லையைக் கூண்டில் வளர்ப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம், ஃபின்ச் வெளிநாட்டுப் பறவை என்பதால் கடையில் கிடைக்கிறது.)

லாம்ப்ரே அப்படி இல்லை. வெப்பமண்டலத் தண்ணீர் அதற்கு ஆகாது. நம் ஆறுகளில் கிடையாது. நம் ஊர் மாணவர்கள் அதைப் பார்ப்பது கல்லூரி ஆய்வகத்தின் ஃபார்மலின் ஜாடியில்தான். எங்கள் ஜாடியில் இருந்தது நிறம் வெளுத்து, வால் மடங்கி, ஒட்டியிருந்த காகிதத்தில் பெயர் பாதி அழிந்து கிடந்தது. ஆனால் வாய் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வாய்க்கு அப்புறம் வருவோம்.

படி 2: பிரிந்த இடத்தைக் குறியுங்கள்

ஒரு காகிதத்தில் கவட்டை மாதிரி ஒரு கோடு வரையுங்கள். அடியில் பொது முன்னோர். இந்த இரண்டு வம்சங்களும் பிரிந்து சுமார் 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நுனியில் ஒரு பக்கம் லாம்ப்ரே, மறுபக்கம் ஃபின்ச். ஃபின்ச் போகும் கிளையிலிருந்துதான் சுறா, விலாங்கு, தவளை, பல்லி, நாம் எல்லாரும் பிரிகிறோம்.

இரண்டு நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்க வேண்டும். இன்று உயிரோடு இருக்கும் லாம்ப்ரேயும் 50 கோடி ஆண்டு நடந்து வந்துதான் இங்கே நிற்கிறது. பலர் லாம்ப்ரேயைக் கீழே, ஏணியின் முதல் படியில் வைத்து வரைவார்கள். அங்கே ஆரம்பிக்கிற தப்பு கடைசி வரி வரைக்கும் கூடவே வரும்.

படி 3: ஒவ்வொரு வரிக்கும் ஒரு முத்திரை

பாகப்பிரிவினையில் முதலில் கேட்பது என்ன? இது அப்பா சொத்தா, நீயாகச் சம்பாதித்ததா என்றுதானே. இங்கேயும் அதேதான். அட்டவணையில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கில் ஒரு முத்திரை குத்துங்கள்:

- பரம்பரைச் சொத்து: பொது முன்னோரிடமிருந்து இருவருக்கும் வந்தது.
- சொந்தச் சம்பாத்தியம்: பிரிந்த பிறகு ஒருவர் மட்டும் பெற்றது.
- தொலைத்தது: இருந்தது, பின்னால் போய்விட்டது.
- ஆளுக்கொரு வழி: இருவரிடமும் இருக்கிறது, ஆனால் தனித்தனியாக வந்தது.

பரம்பரைச் சொத்துப் பட்டியல் நினைப்பதைவிட நீளம். மண்டையோடு, முன்–நடு–பின் என்று பகுதி பிரிந்த மூளை, வில்லையோடு கூடிய கண், கருவில் அங்கங்கே நகர்ந்து போய் முகத்தையும் நரம்புகளையும் கட்டும் நரம்பு முகட்டுச் செல்கள், முதுகுநாண் (முதுகில் நீளவாக்கில் ஓடும், வளைந்துகொடுக்கும் ஒரு தண்டு). இதில் முதுகுநாணைப் பாருங்கள்: லாம்ப்ரேக்கு அது சாகும்வரை முதுகில் ஓடுகிறது, ஃபின்ச்சுக்கோ முட்டைக்குள் கருவாக இருக்கும்போது வந்து, முதுகெலும்புக்கு இடம் விட்டுப் போகிறது. வளர்ந்த உடலை மட்டும் பார்த்தால் "இதற்கு உண்டு, அதற்கு இல்லை" என்று எழுதிவிடுவோம். அதனால் கருவையும் பாருங்கள்.

உள்காதின் அரைவட்டக் குழல்கள் லாம்ப்ரேக்கு இரண்டு, ஃபின்ச்சுக்கு மூன்று. மூன்றாவது, தாடைக்காரர்களின் சொந்தச் சம்பாத்தியம். நரம்பைச் சுற்றும் மையலின் உறையும் அப்படித்தான். லாம்ப்ரேயின் நரம்புகளுக்கு அந்த உறை கிடையாது. லாம்ப்ரேயின் தண்டுவட நரம்பணுக்களை நுண்ணோக்கியில் வைத்து 1877–78 வாக்கில் கட்டுரை எழுதிய ஒரு வியன்னா மாணவர் பின்னாளில் வேறு துறையில் பெயர் வாங்கினார். அவர்தான் சிக்மண்ட் ஃபிராய்டு.

படி 4: வாயைத் திறந்து பாருங்கள்

இப்போது ஜாடிக்கு வருவோம். லாம்ப்ரேயின் வாய் வட்டமான ஒரு உறிஞ்சு கிண்ணம். உள்ளே மஞ்சள் நிறக் கூம்புப் பற்கள் வட்டம் வட்டமாக, பூவிதழ் அடுக்கிய மாதிரி. நடுவில் உந்துதண்டு போல முன்னும் பின்னும் போகும் நாக்கு, அதன் நுனியிலும் பல். ட்ரௌட் போன்ற மீனின் பக்கவாட்டில் கிண்ணத்தை ஒட்டிக்கொண்டு, நாக்கால் தோலைச் சுரண்டி, இரத்தம் உறையாமல் தடுக்கும் உமிழ்நீரை விட்டு உறிஞ்சும். நெற்றியில் ஒற்றை மூக்குத்துளை, பக்கத்துக்கு ஏழு செவுள்துளைகள்.

ஃபின்ச்சின் வாயில் சிவந்த குட்டி அலகு. தினையை உருட்டி உமி நீக்கித் தின்னும். தாடை உண்டு, பல் இல்லை. பறவைகளின் முன்னோருக்குப் பல் இருந்தது. ஆக, பல் என்ற வரியில் ஃபின்ச்சுக்கு "தொலைத்தது" முத்திரை.

லாம்ப்ரேக்கோ, இருப்பது பல்லே இல்லை! எனாமலும் இல்லை, டென்டினும் இல்லை. நம் நகம் மாதிரியான கொம்புப் பொருள். ஃபின்ச்சின் அலகு உறையும் கொம்புப் பொருள்தான். இருவருமே உண்மையான பல் இல்லாமல் தோலின் கடினப் பொருளை வாயில் வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். அது ஆளுக்கொரு வழி.

மூச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். சாதாரண மீன் வாயால் தண்ணீரை வாங்கிச் செவுள் வழியே விடும், ஒருவழிப் பாதை. இரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் லாம்ப்ரேக்கு வாய் வேலையாக இருப்பதால் செவுள்துளை வழியாகவே உள்ளே இழுத்து அதே வழியாக வெளியே தள்ளுகிறது. ஃபின்ச்சின் நுரையீரலிலோ, காற்றுப்பைகளின் உதவியால் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. பறவை மீனைப் போலவும், இந்த மீன் நம்மைப் போலவும் மூச்சு விடுகிற கதை.

படி 5: உறுப்பை விட்டு வேலையை ஒப்பிடுங்கள்

ஃபின்ச்சின் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் லாம்ப்ரே வரிசையில் என்ன எழுதுவீர்கள்? "பாடாது" என்று எழுதினால் அந்த வரி செத்துவிடும். பாட்டு எதற்கு என்று கேளுங்கள். ஆண் தன்னைப் பெண்ணுக்குத் தெரிவிக்கத்தான். சரி, லாம்ப்ரே அந்த வேலையை எப்படிச் செய்கிறது?

வாசனையால். வசந்த காலத்தில் ஆற்றில் ஏறும் ஆண் லாம்ப்ரே, வாயால் கல்லைக் கவ்வி நகர்த்திக் கூடு கட்டும். (பெட்ரோமைசான் என்ற அறிவியல் பெயருக்கே கல்லை உறிஞ்சுவது என்றுதான் பொருள்.) முதிர்ந்த ஆணின் கல்லீரல் ஒரு பித்த உப்பைத் தயாரிக்கிறது, அது செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. நீரோட்டத்தில் கீழே இருக்கும் பெண், அந்த ஒற்றை மூக்குத்துளையால் மோந்து, ஓட்டத்தை எதிர்த்து நேராகக் கூட்டுக்கே வந்து சேரும். அந்தப் பொருள் எது என்பது 2002-இல் வெளியானது. முட்டையும் விந்தும் விட்ட பிறகு ஆணும் பெண்ணும் செத்துவிடும். வாழ்நாளில் ஒரே தடவைதான்.

ஃபின்ச்சின் பாட்டுக்கு இப்படி ரெடிமேடாக எதுவும் கிடையாது. குஞ்சு கற்க வேண்டும். பொரித்து 25 நாள் வாக்கில் அப்பாவின் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் மழலையாக முணுமுணுக்கும். கூண்டு மூலையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், தொண்டை மட்டும் துடிக்க அது பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறேன். இசை வகுப்பில் புதுப் பிள்ளை சரளி வரிசையில் தடுமாறுவது மாதிரியே இருக்கும். 90 நாளில் பாட்டு நிலைத்துவிடும். அதற்கப்புறம் ஆயுளுக்கும் அதே பாட்டுதான். பாடுவது ஆண் மட்டும். மூளையில் பாட்டுக்கென்று உள்ள பகுதிகள் ஆணுக்குப் பெண்ணைவிடப் பல மடங்கு பெரியவை.

ஆசான் இல்லாமல் தனியே வளர்ந்த ஆண் கோணல்மாணலாகப் பாடும். அதைக் கேட்டு அடுத்த தலைமுறை, அதைக் கேட்டு அதற்கடுத்தது என்று விட்டுப் பார்த்தார்கள். மூன்று நான்கு தலைமுறைக்குள் பாட்டு தானாகவே இயல்பான ஃபின்ச் பாட்டுக்கு நெருங்கி வந்துவிட்டது. 2009-இல் வெளியான ஆய்வு இது. பாட்டின் ஒரு பங்கு கேட்டு வருகிறது, ஒரு பங்கு பிறவியிலேயே இருக்கிறது.

ஆக, "துணையை அழைத்தல்" என்று வரிக்குப் பெயர் வையுங்கள். ஒரு பக்கம் கல்லீரலும் செவுளும் மூக்கும். மறுபக்கம் மூளையும் மூச்சுக்குழலின் அடியில் இருக்கும் சிரிங்க்ஸ் என்ற குரல் உறுப்பும் காதும். இரண்டும் அவரவர் சம்பாத்தியம்.

படி 6: குழந்தைப் பருவத்தைத் தனியே எழுதுங்கள்

ஃபின்ச் முட்டை இரண்டு வாரத்துக்குள் பொரிந்து, இன்னும் மூன்று வாரத்துக்குள் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். லாம்ப்ரே குஞ்சு ஆற்று மணலில் புதைந்து, கண் சரியாகத் தெரியாமல், பல் இல்லாமல், தண்ணீரில் வரும் துகள்களை வடிகட்டித் தின்றுகொண்டு மூன்று முதல் ஏழு வருடம், சில சமயம் அதற்கு மேலும் கிடக்கும். பிறகு உருமாற்றம். வடிகட்டும் வேலைக்குச் சளி சுரந்துகொண்டிருந்த எண்டோஸ்டைல் என்ற உறுப்பு தைராய்டு சுரப்பியாக மாறும். ஃபின்ச்சின் கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு என்ன பூர்வீகம் என்று இந்த ஒரு மாற்றத்திலேயே தெரிந்துவிடும்.

படி 7: மரபணுவுக்குப் போங்கள், ஆனால் எந்தத் திசுவில் எடுத்தது என்று கேளுங்கள்

எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் படித்தது என்ன? உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் டிஎன்ஏ அநேகமாக ஒன்றுதான். இந்த இரண்டு உயிரினங்களிலும் அது பொய்.

2009-இல் தெரியவந்தது: கடல் லாம்ப்ரேயின் கரு வளரத் தொடங்கிய சில நாட்களிலேயே, உடலாகப் போகும் செல்கள் தங்கள் டிஎன்ஏவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. செல் பிரியும்போது சில குரோமோசோம்கள் நடுவிலேயே பின்தங்கி, தனிப் பொட்டலமாகக் கட்டப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் இனச்செல்கள் மட்டும் முழுத் தொகுதியையும் வைத்துக்கொள்ளும். அதனால் 2013-இல் உடல் திசுவிலிருந்து படித்த லாம்ப்ரே மரபணுத் தொகுதியில் ஒரு பகுதியே காணோம். இனச்செல்லிலிருந்து முழுத் தொகுதி வந்தது 2018-இல்.

ஃபின்ச்சிலும் இதே போல ஒன்று. 1998-இல் பார்த்தார்கள்: அதன் இனச்செல்களில் மட்டும் கூடுதலாக ஒரு குரோமோசோம் இருக்கிறது. இருப்பதிலேயே பெரியது அதுதான். தசையில் கிடையாது, இரத்தத்தில் கிடையாது, மூளையில் கிடையாது. ஆணின் விந்து உருவாகும்போதும் அது வெளியே தள்ளப்படுகிறது. அதனால் பெரும்பாலும் தாய் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. 2019-இல் பல பாடும் பறவைகளைச் சோதித்தபோது, பார்த்த அத்தனையிலும் அது இருந்தது. கோழி போன்ற மற்றப் பறவைகளில் கிடைக்கவில்லை.

சரி, என்ன முத்திரை? "இரண்டிலும் இருக்கிறது, ஆகவே பரம்பரைச் சொத்து" என்று கை பரபரக்கும். பொறுங்கள். படி 2-இல் வரைந்த கவட்டையை எடுங்கள். இது பரம்பரைச் சொத்து என்றால் இடையில் இருக்கும் சுறா, விலாங்கு, தவளை, பல்லி, கோழி, நாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தொலைத்திருக்க வேண்டும். அத்தனை பேர் தொலைத்தார்கள் என்பதைவிட இரண்டு பேர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள் என்பதே நம்பத் தகுந்தது. விவரமும் அதைத்தான் சொல்கிறது: ஃபின்ச்சில் ஒரே ஒரு குரோமோசோம், லாம்ப்ரேயில் பல. ஆளுக்கொரு வழி.

ஹேக் மீனிலும் இப்படி டிஎன்ஏ உதிர்ப்பது உண்டு. லாம்ப்ரேக்கும் ஹேக் மீனுக்கும் இடையில் அது பரம்பரைச் சொத்தாக இருக்கலாம். முத்திரை குத்தும்போது யாருக்கும் யாருக்கும் இடையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏன் எறிகிறது? லாம்ப்ரே எறியும் மரபணுக்களில் பல, இனச்செல்லுக்குத் தேவையானவை. உடலில் தவறான நேரத்தில் விழித்துக்கொண்டால் புற்றுநோய்க்குத் துணைபோகக்கூடிய வகையைச் சேர்ந்தவையும் அதில் உண்டு. வேலை முடிந்ததும் கத்தியைப் பூட்டி வைப்பதற்குப் பதிலாக வீட்டை விட்டே அனுப்பிவிடுகிற ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

படி 8: ஒரே வேலை, வேறு பொருள்

நோய் எதிர்ப்பு. ஃபின்ச்சுக்கும் நமக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தால் ஆன எதிர்ப்பொருள்கள். லாம்ப்ரேக்கு அது கிடையாது என்பதால் நினைவாற்றலுள்ள நோய் எதிர்ப்பே இல்லையோ என்று நினைத்திருந்தார்கள். 2004-இல் வேறொரு வகை ஏற்பி (கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம்) கிடைத்தது. வேறு குடும்பப் புரதத்தின் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து அதே வேலையைச் செய்கிறது. நோயெதிர்ப்புச் செல்கள் இரண்டு பிரிவாக இருப்பது பரம்பரைச் சொத்து. கையில் பிடிக்கும் ஆயுதம் ஆளுக்கொரு வழி. ஒரே வரிக்கு இரண்டு முத்திரை வரலாம்.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். இருவர் இரத்தமும் சிவப்பு. ஆனால் ஆக்சிஜனைச் சுமக்கும் அந்தப் புரதம் இரு வம்சங்களிலும் குளோபின் குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினரிடமிருந்து தனித்தனியே அமைந்தது என்று 2010-இல் காட்டினார்கள். குளோபின் பூர்வீகம், ஹீமோகுளோபின் சம்பாத்தியம்.

படி 9: "பழமையான" என்ற சொல்லை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் "பழமையான", "எளிய", "வளர்ச்சியடையாத" என்ற சொற்களைத் தேடி அடியுங்கள். அடித்த பிறகும் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் அந்தச் சொல் தேவையில்லை. நிற்கவில்லை என்றால் வாக்கியமே தேவையில்லை.

நல்ல உதாரணம் அந்த மணலில் புதையும் குஞ்சுதான். அதைப் பார்த்து, முதுகெலும்பிகளின் ஆதி முன்னோர் இப்படித்தான் வடிகட்டித் தின்றுகொண்டிருந்தார் என்று நூறாண்டுக்கு மேல் பாடம் நடத்தினோம். நானும் நடத்தியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, 36 கோடி ஆண்டுப் பழைய பிரிஸ்கோமைசான் என்ற லாம்ப்ரேயின் குஞ்சுப் புதைபடிவங்கள் 2021-இல் அந்தப் பாடத்தைக் கவிழ்த்தன. அந்தக் குஞ்சுகளுக்குப் பெரிய கண், வாயில் உறிஞ்சு கிண்ணம். பொரித்ததுமே குட்டிப் பெரியவர்கள். மணலில் புதையும் குருட்டுக் குஞ்சு பிற்காலச் சம்பாத்தியம்!

"எளிய" என்ற சொல்லுக்கும் ஒரு அடி: தண்டுவடத்தை முழுக்க வெட்டினாலும் லாம்ப்ரே சுமார் மூன்று மாதத்தில் மறுபடி நீந்தும். ஃபின்ச்சாலும் முடியாது, நம்மாலும் முடியாது. குரோமோசோம் எண்ணிக்கையில் பார்த்தாலும், லாம்ப்ரேயின் உடற்செல்லில் 168, ஃபின்ச்சுக்கு 80, நமக்கு 46.

படி 10: விடைத்தாளில் எப்படி எழுதுவது

தேர்வு என்றால் இவ்வளவும் எழுத நேரம் இருக்காது. அட்டவணையில் இரண்டு நெடுவரிசைக்குப் பதில் மூன்று நெடுவரிசை போடுங்கள், மூன்றாவது முத்திரைக்கு. ஆறு வரி போதும்: முதுகுநாண், தாடை, பல், துணையை அழைத்தல், நோய் எதிர்ப்பு, டிஎன்ஏ உதிர்ப்பு. மேலே அந்தக் கவட்டைக் கோட்டை வரைந்து, நுனிகளை ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். "குளிர்இரத்தம் – வெப்பஇரத்தம்" வரியை எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் எழுதுங்கள், திருத்துபவர் தேடுவார். பக்கத்தில் "வெப்பஇரத்தம்: பறவை வம்சத்தின் சொந்தச் சம்பாத்தியம், பாலூட்டிகளுக்கும் தனியே வந்தது" என்று ஒரு துண்டு சேர்த்துவிடுங்கள்.